தேசிக்காய் நசுக்கிய இரண்டு கார்கள்

நண்பா,

ரெய்னர்ஸ் லேனில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும்போது பெற்றோல் மணம் மூக்கில் ஏறியது. மின்சாரக் கார் வாங்கிய நாளிலிருந்து அந்த மணம் எனக்கு உன்னுடையது. பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உன் சிவப்புக் காரை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எங்களுக்கு மீசை அரும்புமுன்பே அமெரிக்காவில் செய்த, பெரிய எஞ்சின் உறுமும் மசில் கார். என்னுடையது புத்தம் புதிது. வேகத்தில் உன்னுடையதை முந்தும். போனைக் காட்டினால் கதவு திறக்கும். ஆனாலும் தெருவில் போகிறவர்கள் உன்னுடையதைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் இரண்டுக்கும் ஒரே நாளில் பூசை. சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்த ஐயர், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஸ்டார்ட்டில்தான் நிற்கிறது என்றேன். அவர் நம்பவில்லை, மறுபடியும் சொன்னார். என் கார் ஒரு சத்தமுமில்லாமல் தேசிக்காயை நசுக்கிக்கொண்டு நகர, மனுசன் பதறி விலகினார். சனம் சிரித்தது. பிறகு நீ திறப்பைத் திருப்பினாய். தெருவே அதிர்ந்தது. ஓர் அம்மா கைகூப்பிவிட்டார். என் மனைவிகூட உன் காருக்குப் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டாள்.

நீ திறப்பை என்னிடம் நீட்டினாய். "ஒருக்கா ஓடிப் பாரன் மச்சான்."

பெற்றோல் மணம் எனக்குத் தலையிடி தரும் என்றேன். பச்சைப் பொய்.

அமெரிக்கக் கார் என்பதால் உனக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். சிக்னலில் என் வலப்பக்கம் வந்து நின்றாயென்றால் எங்களுக்கிடையில் இரண்டு கண்ணாடிகள்தான். உன்னுடையதை இறக்கி, என் கார் உயிரோடுதான் நிற்கிறதா என்று நக்கலடிப்பாய். நான் என்னுடையதை இறக்கவே மாட்டேன்.

உன் செத்தவீட்டுக்கு அந்தக் காரை உன் மைத்துனன் ஓட்டிவந்தான். அழுதுகொண்டே அவனைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். வெட்கம்தான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து வழியனுப்ப வந்த உன் மனைவி, என் காரில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "அண்ணை, கடைசி வருசம் முழங்கால் நோவாலை அவருக்குக் கிளச் மிதிக்க ஏலாது. கிளச்சே இல்லாத உங்கட காரைப் பாத்துப் பாத்து எரிவார். ஏறடா எண்டு அவன் ஒருக்காச் சொல்லுறானில்லையே எண்டுவார்."

நான் சொல்லவேயில்லை. உனக்கும் எரிகிறது என்று தெரிந்திருந்தால், பெருமைக்காகவாவது சொல்லியிருப்பேன்.

இப்போது ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியை இறக்குகிறேன். பக்கத்து இருக்கையை உன் நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மனைவி ஏறும்போது முன்னுக்கு இழுப்பாள். அவள் இறங்கியதும் திரும்பத் தள்ளிவிடுவேன்.