பார்லோ மலைக்கு நடந்து போனோம்

ஜூன் 11
பனி உருகி, பார்லோ மலையின் பனிச்சறுக்குப் பாதைகளில் புல் முளைத்துவிட்டது. சறுக்க வருபவர்களை மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்ட் நாற்காலிகள் ஆளில்லாமல் கம்பியில் ஆடுகின்றன. பாதி மலை ஏறினேன். குளிர்காலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் சறுக்கி இறங்குகிற சரிவு. நடந்தால்தான் தெரிகிறது, எவ்வளவு செங்குத்து!

ஜூன் 14
அழைப்பு மணி. திறந்தால் ஜாஸ்லின். என் கணவனாக இருந்த வெண்டெல் என்னை விட்டுவிட்டுக் கட்டிக்கொண்டவள். மளிகைக் கடையில் அவளைக் கண்டால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

"ஆர்லீன், நீங்க தினம் மலை ஏறுறீங்களாமே. நானும் வரலாமா? இந்த ஊர்ல யாரும் என்கிட்ட பேசறதில்ல. எல்லாரும் உங்க பக்கம்."

என்ன தைரியம்! கதவைச் சாத்தியிருக்க வேண்டும். "விடிஞ்சதும் கிளம்பிடுவேன். லேட்டானா நிக்க மாட்டேன்" என்றேன். ஏன் சொன்னேன்? பைத்தியமா எனக்கு?

ஜூன் 15
எனக்கு முன்பே வந்து நின்றாள். புத்தம்புது பூட்ஸ். பாதி வழியில் குதிகாலில் கொப்புளம். ஒரு முனகல் இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 9
உச்சிக்கு இன்னும் போகவில்லை. கடைசிச் சரிவில் இருவருக்கும் மூச்சு வாங்குகிறது. பேசாமல் இருக்க நல்ல சாக்கு.

தங்கை போனில் கேட்டாள்: "உனக்கு ரோஷமே கிடையாதா?" போனை வைத்துவிட்டு பூட்ஸைத் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 3
இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

பாதையோரம் ப்ளூபெர்ரி பறித்துக்கொண்டிருந்தோம். புதருக்கு அந்தப் பக்கம் இன்னொருவரும் பறித்துக்கொண்டிருந்தார். கரடி!

ஓடக்கூடாது, சத்தமாகப் பேசியபடி பின்னால் நகர வேண்டும் — எங்கள் வெர்மான்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் என்ன பேச? ஜாஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"வெண்டெல் குறட்டை விடுறான்!"

"எனக்குத் தெரியாதா!"

"ஈரத் துண்டக் கட்டில் மேலேயே போடுறான்!"

"எத்தன தடவ சொன்னாலும் உறைக்காது!"

"அவன் வைக்கிற மீன் சூப்பு—"

"வாயில வைக்க முடியாது! நான் நாய்க்கு ஊத்திடுவேன்!"

கரடி எங்களை ஒரு பார்வை பார்த்தது. குடும்ப விவகாரத்தில் நமக்கென்ன என்பது போலக் காட்டுக்குள் நடந்துவிட்டது.

புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அழுதாள். "உங்களுக்கு நான் பண்ணினது..."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "எந்திரிடி. உச்சி இன்னும் மிச்சம் இருக்கு."

ஏறிவிட்டோம்! மேலே ஒரே காற்று. ஒரே பாட்டிலில் மாறி மாறித் தண்ணீர் குடித்தோம்.

செப்டம்பர் 20
மழை. மலை இல்லை. ஜாஸ்லின் வந்து சீட்டாடிவிட்டுப் போனாள். அப்பட்டமாக ஏமாற்றுகிறாள்.

நவம்பர் 28
பனி விழுந்து, லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. இனி சறுக்குப் பாதைகளில் நடக்க விடமாட்டார்கள். ஜாஸ்லினுக்குச் சறுக்கக் கற்றுக் கொடுக்கிறேன். இன்று விழுந்து விழுந்து களைத்து, என் சோபாவில் படுத்துவிட்டாள்.

வெண்டெலிடமிருந்து போன். பிரிந்த பிறகு முதல் முறை.

"அவ அங்கயா இருக்கா? எப்ப வருவா?"

"சாப்பிட்டுட்டுத்தான்."

"அப்ப எனக்கு?"

"நீயும் வாயேன். குழம்பு நிறைய இருக்கு."

போனை வைத்த பிறகுதான் சொன்னது உறைத்தது. ஜாஸ்லின் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "அவனையா கூப்பிட்ட?"

மூன்றாவது தட்டை எடுத்து வைத்தேன். "பின்ன? பாத்திரம் கழுவ ஒரு ஆள் வேணாமா?"