துவைக்காத சேலை

உங்கள் தகரப் பெட்டியை இன்று காலையில் திறந்தேன், அக்கா. அடியில் என் நீலச் சேலையை நாலாக மடித்து வைத்திருந்தீர்கள். எடுத்து முகர்ந்தேன். பாச்சை உருண்டை வாசம்தான் வந்தது. ஒரு காலத்தில் இதில் ஆஸ்பத்திரி லைசால் நாறுகிறது என்று திட்டியவர் நீங்கள்.

லேபர் கேம்ப் குடிசை வரிசையில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். என் வீட்டுக்காரர் துறைமுக வேலையில் இறந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. எனக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அதுவரை யாருமில்லை. ஆனால் விடுதியில்தான் தங்க வேண்டும், பிள்ளையோடு வரக்கூடாது, ஞாயிறு மத்தியானம் மட்டும் வெளியே விடுவார்கள். பிள்ளையை விட்டுவிட்டு என்ன படிப்பு என்று ஊரிலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. அவற்றை உங்கள் இட்லிக் கடை அடுப்பில் போட்டுவிட்டு, “நீ படி, பிள்ள இங்க கெடக்கட்டும்” என்றீர்கள்.

ஒரு நிபந்தனையும் வைத்தீர்கள். விடுதியில் நான் உடுத்திப் படுத்த சேலையை ஞாயிறுதோறும் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். பிள்ளை என் வாசத்தை மறந்துவிடக் கூடாதாம். அதன்மேல்தான் அவளைத் தூங்க வைத்தீர்கள். வார்டு நாற்றமும் கூடவே வந்ததால், இட்லி வாங்க வருகிறவர்கள் வீட்டில் யாருக்கு நோய் என்று கேட்கிறார்கள் என்று சிடுசிடுத்தீர்கள். சிடுசிடுத்துக்கொண்டே அடுத்த சேலைக்குக் கை நீட்டுவீர்கள். முறைப்படி நீங்கள் அவளுக்குப் பெரியம்மா. பெரியம்மா என்று பழக்கினால் பாதியை விழுங்கி அம்மா என்றுவிடுவாள் என்று நீங்களாகவே அத்தை ஆனீர்கள்.

இரண்டாம் வருட மழைக்காலத்தில் அவளுக்கு மணல்வாரி அம்மை போட்டது. மற்ற நோயாளிகளுக்குத் தொற்றிவிடும் என்று மூன்று ஞாயிறு என்னை விடவில்லை. நான்காவது ஞாயிறு வந்தபோது அவள் என்னை யாரோ போலப் பார்த்துவிட்டு, உங்கள் முந்தானையைப் பிடித்து “அம்மா” என்றாள். படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நாளைக்கே தோல் கிடங்கு வேலைக்குப் போகிறேன் என்று கத்தினேன். பிள்ளை இல்லாத நீங்கள் இதற்குத்தானே அவளை வளர்த்தீர்கள் என்றும் கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் நாக்குக் கூசுகிறது.

நீங்கள் சண்டைக்கு வரவில்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். நீங்கள் இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, தேய்த்து முடித்த தட்டையே மறுபடியும் எடுத்துத் தேய்த்தீர்கள்.

“அப்படிக் கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டேன். அவ பழகிருவா. நீ போயி பரீட்சைய எழுது, ஏட்டி.”

எழுதினேன். தேறினேன். செம்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து அவளைக் கூட்டிப்போன அன்று, அந்த வாரத்து நீலச் சேலையை நான் திருப்பிக் கேட்கவில்லை. நீங்களும் தரவில்லை. பிறகு ஒரு வார்டே என் பொறுப்பில் வந்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் படிக்க வந்து, முதல் மாதமே பெட்டியைக் கட்டுகிற பெண்களை நான் லேசில் விட்டதில்லை. துவைக்காத சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டு டூட்டிக்கு வா என்பேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

போன வாரம் உங்கள் வீட்டு வாசலில் நின்றபடி, துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே உங்கள் தலைமாட்டில் என் மகள். இத்தனை வருடமும் உங்களை அத்தை என்றே அழைத்தவள், “அம்மா” என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா.