தலையணை நோயாளி

மார்ச் 4, செவ்வாய்

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்போதே மெட்டில்டா சிஸ்டரின் போன். அங்காளம்மாளுக்கு மறுபடியும் காய்ச்சல். டயாலிசிஸ் தொடங்கியதும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நடுங்கினாராம். கோவளத்தில் மீன் விற்பவர். கழுத்தில் போட்ட குழாயில் கிருமி பிடிப்பது இது இரண்டாவது முறை.

மார்ச் 6, வியாழன்

ஆய்வகத்தில், அங்காளம்மாளின் ரத்தத்தைக் கிருமி வளர்க்க விட்ட என் தட்டில் வளர்ந்திருப்பது போன தடவை வந்த அதே கிருமி. இதற்குள் மூன்று நோயாளிகளுக்கு இதே கிருமி. வெளியிலிருந்து வரவில்லை — எங்கள் ஆஸ்பத்திரியில்தான் எங்கோ இருக்கிறது.

குழாய் போடும் டாக்டர் அனந்தகிருஷ்ணன் சொன்னார்: "அந்தம்மாவுக்கு இனி தொடையிலதான் குழாய் போட இடம், ஜெரூஷா. அதுவும் போச்சுன்னா... எனக்குத் தெரியல."

மார்ச் 7, வெள்ளி

கூட்டம். "எங்க பக்கம் க்ளீன்." நர்ஸுகள் சொன்னார்கள். ஸ்கேன் பிரிவும். டாக்டர்களும். பொய்யில்லை. கைகள், தண்ணீர், மருந்து — எதைச் சோதித்தும் ஒன்றும் வளரவில்லை.

எல்லோரும் சுத்தம். பிறகு யாரிடமிருந்து?

குழாய் போடுவதை நான் நேரில் பார்த்ததே இல்லை. தட்டுகளை மட்டும்தான் பார்க்கிறேன்.

மார்ச் 8, சனி

காலிக் கட்டில். நோயாளிக்குப் பதில் ஒரு தலையணை. எப்போதும் போலவே குழாய் போட்டுக் காட்டுங்கள் என்றேன். சிரித்தார்கள். ஆனால் வந்தார்கள்.

ஸ்கேன் டெக்னீஷியன் குணா தலையணையைத் தட்டிக்கொடுத்தார். "சத்தமே காணோம் சார். ரொம்ப நல்ல பேஷண்ட்."

டாக்டர் கை நீட்டினார். சிஸ்டர் ஜெல் புட்டியைக் கொடுத்தார் — ரத்தக்குழாயைத் தேடும் ஸ்கேன் கருவி வழுக்கிப்போகத் தோலில் தடவுவது. பாதிதான் இருந்தது. குணா பெரிய கேனிலிருந்து அதிலேயே ஊற்றி நிரப்பினார்.

"புட்டியைக் கழுவறது யாரு?" என்று கேட்டேன்.

"நர்ஸிங்தான் மேடம்," என்றார் குணா.

"நாங்களா? ஸ்கேன் சாமான் ஆச்சேன்னு நாங்க தொடறதே இல்லையே," என்றார் சிஸ்டர்.

டாக்டர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கையில வரும். அவ்வளவுதான்."

"இன்னா சிஸ்டர், பேஜாரா கீதே," என்றார் குணா, மெதுவாக. யாரும் யாரையும் திட்டவில்லை.

மார்ச் 10, திங்கள்

புட்டிக்குள் அதே கிருமி. கிருமியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படலாமா?

மார்ச் 12, புதன்

அங்காளம்மாளுக்குத் தொடையில் புதுக் குழாய். ஒரு தடவை கிழித்தால் தீர்ந்துபோகிற சின்னப் பாக்கெட்டில் ஜெல். குணா எடுத்துக் காட்ட, சிஸ்டர் தேதி பார்க்க, டாக்டர் வாங்கிக்கொள்ள — கிட்டத்தட்ட ஒரு சடங்கு.

அங்காளம்மாள் எட்டிப்பார்த்தார். "இன்னா டாக்டரு, ஷாம்பு போடப் போறியா?"

மார்ச் 17, திங்கள்

காய்ச்சல் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

டயாலிசிஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அங்காளம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்தார்.

சிஸ்டர் தெர்மாமீட்டரோடு ஓடினார். டாக்டர் காபி டம்ளரோடு. நான் ரத்தம் எடுக்கும் ஊசியோடு. குணாவுக்கு அங்கே வேலையே இல்லை. அவரும் வந்து நின்றார்.

காய்ச்சல் இல்லை.

"இன்னாத்துக்கு அல்லாரும் சுத்தி நிக்கிறீங்கோ? ஏசியக் கொறைங்கோ. ஐஸ்ல மீன் போட்டாப்ல போட்டு வெச்சுகினு..."

ரிமோட் எங்கே என்று நாலு பேரும் தேடினோம்.