தூரத்துக் கொயர்

நவ. 7, வெள்ளி

காலையிலிருந்தே தூசிக்காற்று. அல் கூஸ் சைட்டில் சில்லர் டெஸ்ட், கட்டடம் முழுக்கக் குளிரூட்டும் மெஷின், பன்னிரண்டுக்கு முடித்தேன். 2 முதல் 3.15 வரை சர்ச் ஹாலில் கொயர் பிராக்டிஸ். 3.15க்கு மலையாளிகள் வந்து நிற்பார்கள், அடுத்து ஹால் அவர்களுக்கு.

நவம்பர் கடைசியில் நினைவு ஆராதனை. அதற்குக் கொயரை நடத்தும் டேவிட் அண்ணன் எடுத்திருக்கும் பாட்டு, நானூறு வருடம் முன்பு ஜெர்மனியில் யாருடைய அடக்கத்துக்கோ எழுதியது. உச்சரிப்பைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் தந்தார். முன்னால் ஒரு கொயர், ஐந்து குரல். தூரத்தில் இன்னொன்று, மூன்றே குரல். அவர்கள் யார் கண்ணிலும் படக்கூடாது. இறந்தவரைக் கூட்டிப்போக வந்தவர்கள் பாடுவது மாதிரியாம்.

சோப்ரானோ, பெண்களின் உச்சக் குரல், பற்றாக்குறை. டேவிட் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க அக்காவ வரச் சொல்லு தம்பி. வீட்லயே கெடந்தா இன்னும் மோசம்."

நான் எப்படிச் சொல்ல? ஆகஸ்டில் ஜெபா அக்காவுக்குப் பிள்ளை இறந்தே பிறந்தது. ஊருக்குக் கொண்டுபோகவில்லை, இங்கே கல்ஃபிலேயே அடக்கம். அன்று எனக்கு ஹேண்டோவர், சைட்டை ஒப்படைக்கும் நாள். போகவில்லை. கேட்டிருந்தால் லீவ் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. அவளும் எதுவும் கேட்டதில்லை.

நவ. 9, ஞாயிறு

பால், பிளேடு, போன் சார்ஜர் வாங்கினேன். பிறகு சத்வா, அக்கா வீடு. வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். ஷூ கழற்றவில்லை.

"முன்னால நிக்க மாட்டேம்ல. ஆன்ட்டிமார் பூரா என் வயித்தத்தான் பாப்பாங்க."

அத்தான் உள்ளேயிருந்து: "மாப்ள, சாப்ட்டுப் போ."

"தூரத்துல நிக்கிற மூணு பேருல ஒண்ணுன்னா வாரேன்" என்றாள்.

சரி என்றேன். சாப்பிடவில்லை.

நவ. 14, வெள்ளி

தூரத்துக் கொயருக்கு மாடி ஸ்டோர் ரூம். மடக்கு நாற்காலிகள், போன வருஷ கிறிஸ்துமஸ் ஸ்டார்கள். அங்கிருந்து டேவிட் அண்ணன் தாளம் காட்டும் கை தெரியாது. 30 மீட்டர். சத்தம் வந்து சேர 0.09 செகண்ட். கேட்டுக்கேட்டுப் பாடினால் பிந்தும்.

1. வாட்ஸ்அப் வீடியோ கால்: இந்த ஊரில் தடை. அரபியில் சொன்னால் மஃபி, கிடையாது.
2. வைஃபை கேமரா: அரை செகண்ட் லேட். உருப்படாது.
3. ஓர் ஆள் கதவில் நின்று கீழே பார்த்து, உள்ளே இருப்பவர்களுக்குக் கை காட்ட வேண்டும்.

"நீயே நில்லு. ஒன் பேஸ் கட்டக் குரல் இல்லன்னா குடி முழுகிராது" என்றார் டேவிட் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். "வேற யாருக்குடா ஒழுங்கா எண்ணத் தெரியும், இன்ஜினியரே?"

எனக்கும் அக்காவுக்கும் ஆறடி தூரம். முழு பிராக்டிஸும் அவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தே கை காட்டினேன்.

"மூஞ்சியப் பாத்துக் காட்டுல. எப்பப் பாட்டெடுக்கணும்னே தெரியல" என்றாள்.

நவ. 18, செவ்வாய்

பம்ப் 2 லீக். முழுநாள் திட்டு. ரூமில் கண்ணாடி முன் நின்று கை வீசிப் பழகினேன். ரூம்மேட் சலீம் பாய்: "என்ன தம்பி, டிராபிக் போலீஸ்ல ஆள் எடுக்காங்களோ?"

நவ. 28, வெள்ளி

ஆராதனை. ஹால் நிறைந்துவிட்டது. இந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை பாஸ்டர் வாசித்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. "ஜெபாவின் சிசு" என்றார். மாடி ஸ்டோர் ரூமில் அக்கா சுவரைப் பார்த்து நின்றாள்.

பாட்டு. நாங்கள் சேர வேண்டிய முதல் இரண்டு இடமும் சரி. அடுத்து நாங்கள் பன்னிரண்டு பார், பன்னிரண்டு தாளக்கட்டு, சும்மா நிற்க வேண்டும். கீழே ஐந்து குரலும் சேர்ந்து ஏறின. எண்ணிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப மெலிந்துவிட்டாள். நாலோ ஐந்தோ பார் போயிருக்கும், வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் வந்திருக்கணும்க்கா."

"கல்லறத் தோட்டத்து கேட்டையே பாத்துட்டு நின்னேன்" என்றாள், மெதுவாக. "அத்தான் ஒத்தையாத்தான் பெட்டியத் தூக்கிட்டுப் போனாரு." பிறகு, "இப்ப எண்ணுல."

எண்ணிக்கை போய்விட்டது. ஏழா, எட்டா. கை அந்தரத்தில் நின்றது. அக்கா தானாக எடுத்தாள். சரியான இடம். மற்ற இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தே பாடி முடித்தார்கள். நான் கையைக் கீழே போட்டேன்.