அரம் போட்ட ரிவால்வர்

மாப்பிள்ளை,

இன்று காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சிலிருந்து வந்து கைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுவிட்டேன். வெடிமருந்து வாசம் போகவில்லை. இந்த வாசம் வந்தால் உங்கள் ஞாபகம் வருகிறது. ஞாபகம் வந்தால் வயிறு எரிகிறது. நீங்கள் போய் எட்டு மாதமாகியும் அது அணையவில்லை. என் வயிற்றில் ஒரு போர்வெல் ரிக்கை இறக்கினால் தண்ணீர் வராது, நேராக எரிமலைக் குழம்புதான் வரும். உங்கள் சாவுக்கு வந்த கூட்டம் ஜேடர்பாளையம் அணையைத் திறந்துவிட்டது போல இருந்தது. அதைப் பார்த்தும் பொறாமைப்பட்ட ஒரே மைத்துனன் நானாகத்தான் இருப்பேன்.

என் தங்கையைக் கட்டிக்கொண்டது உங்கள் முதல் குற்றம். என்னைவிட நன்றாகச் சுட்டது இரண்டாவது. முதலாவதை உங்கள் பெண் பிறந்த அன்றே மன்னித்தேன்.

இருவருக்கும் ஒரே வருடம் லைசென்ஸ் கிடைத்தது. ஒரே மாதிரி பாயின்ட் முப்பத்திரண்டு ரிவால்வர். நீங்கள் நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்தும் நான் திருச்செங்கோட்டு ரிக் பட்டறையிலிருந்தும் கிளம்பி, ஞாயிறுதோறும் சேலத்து மலையடிவாரக் கிளப்பில் சேர்ந்து நிற்போம். தனியாக நான் போனதே இல்லை. தோற்கடிக்க ஆள் இல்லாமல் எதற்குச் சுடுவது? உங்கள் குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் குடித்தனம் நடத்தும். என்னுடையவை அட்டையின் அடி விளிம்பில் விழும், இல்லையென்றால் அதற்கும் கீழே மண்மேட்டில்.

"ஏனுங்க மச்சான், ரிக் ஓட்டுன கை பூமியத்தான தேடும்? எத்தன அடியில தண்ணி வந்துச்சுங்க?"

நீங்கள் இப்படிக் கேட்டதும் கிளப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பு சங்ககிரிக் கோட்டையில் மோதித் திரும்பி வந்து என் காதில் இன்னொரு முறை விழும்.

நான் துப்பாக்கியைத் திட்டினேன். தோட்டாவைத் திட்டினேன். என் அட்டைக்கு நேர் கீழே மட்டும் பூமி அதிகமாக இழுக்கிறது என்று ஒரு விஞ்ஞானமே கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒருக்கா நான் குண்டு போட்டுத் தாரனுங்க" என்று ரிவால்வரை வாங்கினீர்கள். திரும்பி நின்று, ஆறு அறைகளில் மூன்றில் தோட்டாவும் மூன்றில் வெடித்த வெற்று ஓடுகளும் போட்டு, எது எங்கே என்று தெரியாதபடி மூடிக் கொடுத்தீர்கள். முதலாவது வெடித்தது. அடுத்தது 'டிக்'. குண்டே இல்லை, ஆனாலும் குழல் குனிந்து தரையைக் கும்பிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் தங்கையும் பார்த்தாள்.

"துப்பாக்கி மேல தப்பில்லீங்க மச்சான். வெடிக்கறதுக்கு முந்தியே சத்தத்துக்குப் பயந்து கைய அமுக்கறீங்க. முட்டையப் புடிக்கறாப்ல புடிச்சு, விசைய மெதுவா இழுங்க."

சத்தத்துக்கா நான் பயந்தேன்? பின்னால் கைகட்டி நின்று தொண்டையைச் செருமுவீர்களே, அதற்கல்லவா பயந்தேன்! காது மூடியைத் துளைத்துக்கொண்டு அது கேட்கும். அது வருவதற்குள் சுட்டுவிட வேண்டும் என்றுதான் விசையை வெடுக்கென்று பிடுங்குவேன். இதை எந்த வாயால் சொல்வது?

மறுநாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழல் நுனியில் இருக்கும் முன் சைட்டில் அரம் போட்டேன். அது குட்டையானால், குறி பார்க்கும்போது குழலைக் கூடுதலாகத் தூக்கியாக வேண்டும். குண்டும் மேலே ஏறும். ஞாயிறு சுட்டுப் பார்ப்பது, திங்கள் இன்னும் கொஞ்சம் தேய்ப்பது. விரற்கடை விரற்கடையாக ஏறி, குண்டுகள் வட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

பொங்கல் போட்டியில் உங்களை ஒரே ஒரு புள்ளியில் வென்றேன். மூன்று நாடுகளை ஒரே மதியத்தில் பிடித்த சக்கரவர்த்தி போல அந்த எவர்சில்வர் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். கை தட்டிய நீங்கள், "நானும் ஒண்ணு சுட்டுப் பாக்கறனுங்க" என்று என் ரிவால்வரைக் கேட்டீர்கள். குறி தவறாத உங்கள் குண்டு அட்டையின் மேல் விளிம்பில் போய்ப் பட்டது. பெருவிரலால் முன் சைட்டை ஒருமுறை தடவினீர்கள். என் உயிர் வெண்ணந்தூர் வரை போய்த் திரும்பியது.

"இது மச்சான் கைக்குத்தானுங்க கேக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். தப்பித்துக்கொண்டேன் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இன்றுதான் நீங்கள் இல்லாமல் அங்கே நின்றேன். கிளப்பில் உங்கள் அலமாரியில் கிடந்த கண்ணாடியையும் காது மூடியையும் எடுத்துப் போகத் தங்கையும் வந்திருந்தாள். ஆறு குண்டு சுட்டேன். பின்னால் செருமல் இல்லை. அவசரம் இல்லை. கை முட்டையைப் பிடித்தது போல இருந்தது, குழல் குனியவே இல்லை. என் ஆயுளில் நான் சுட்டதிலேயே நல்ல ஆறு குண்டுகள், ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். அத்தனையும் அட்டையின் மேல் விளிம்பில், அன்று உங்கள் குண்டு பட்ட அதே இடத்தில்.

தங்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"அரம் போட்டது இன்னிக்குத்தான் அட்டையில தெரியுதுங்ணா."

"உனக்காரு சொன்னது அம்மிணி?"

"அவருதான். அன்னிக்கே ஊட்டுக்கு வந்து, 'உங்கண்ணன் சைட்ட ராவிப்போட்டாரு, ஆருகிட்டயும் சொல்லிராத. மனுசன் அந்தக் கொடத்தோட நாலு நாளு சந்தோசமா இருக்கட்டும்'னாரு."

பாருங்கள் மாப்பிள்ளை, நான் ஜெயித்த ஒரே நாளிலும் நீங்கள்தான் பெரிய ஆள். எரியாமல் என்ன செய்யும் என் வயிறு?

கிளப் செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "முன் சைட்ட மாத்திக்கலாமுங்க" என்றார். முடியாது என்றுவிட்டேன். நீங்கள் பின்னால் நிற்பதைக் கணக்கில் வைத்து ராவிய ரிவால்வர் இது, அப்படியே இருக்கட்டும்.

மறுபடி ஆறு தோட்டா போட்டேன். இந்த முறை வட்டத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, நீங்கள் கேலி செய்த அந்த மண்ணைப் பார்த்துக் குறி வைத்தேன். ஆறும் கறுப்பு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தன.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேட்க யாரும் இல்லை.