கெட்டில் சொன்ன நலம்

சான்ஜோ,
மார்ச் மாதம். பனி இன்னும் விட்டபாடில்லை.

அன்புள்ள கோஹெய் அவர்களுக்கு,

இகுயோ எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இந்த வீட்டு நலத்தைத்தான் உங்கள் கெட்டில் தினமும் சொல்லிவந்ததே, நான் வேறு எதற்கு? உங்கள் நலத்தையாவது எழுதுங்கள். டோக்கியோவில் அந்த ஒற்றை அறையில் என்னத்தைச் சாப்பிடுகிறீர்களோ. போன மாதம் அனுப்பிய முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

வாசல் பனியை நானே வாரிக் கொட்டுகிறேன். கூரைக்கு மட்டும் ஆள் வைத்தேன். இடுப்பு வலி இருக்கிறது, அது கிடக்கட்டும்.

உங்கள் கெட்டிலுக்குப் பரிசு கிடைத்ததைப் பத்திரிகையில் பார்த்தோம். படத்தில் நன்றாக இருக்கிறீர்கள். பொத்தானை அமுக்கி வெந்நீர் எடுத்தால் தூரத்தில் இருக்கும் பிள்ளையின் போனுக்குச் செய்தி போய்விடும், அம்மாவுக்காகவே இதை யோசித்தேன் என்று சொல்லியிருந்தீர்கள். அத்தை என்னைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "எனக்காக யோசிச்சானாம்! யோசிச்ச நேரத்துக்கு ஒரு நடை வந்துட்டுப் போயிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுப் படத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் யோசித்து அனுப்பும் சாமான்களை நான் குறை சொல்லவில்லை. சொட்டாத சோயா குப்பி, தானாக நிற்கும் சோற்றுக் கரண்டி, எல்லாம் நல்ல பொருட்கள்தான். கை நடுங்கினாலும் சிந்தாத அந்த வளைந்த கரண்டியும் அப்படித்தான். ஆனால் அது சாப்பிடுகிறவர் கைக்குத்தான் வாகாக இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து ஊட்டுகிறவளுக்கு மணிக்கட்டு வலிக்கிறது. ஊட்ட ஒருத்தி இருப்பாள் என்பது உங்கள் யோசனையில் வரவில்லை போலும்.

புத்தாண்டு கழிந்து அத்தை படுத்த படுக்கையானதும் போன் செய்தேன். கல்லீரலில் கட்டி, ஏப்ரலில் செர்ரி பூக்கும்வரை தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இன்னைக்கு மட்டும் நாலு தடவை தண்ணி எடுத்திருக்காங்க, போனைப் பாத்துக்கிட்டுத்தானே பேசுறேன். நீ சும்மா பதறாதே." கட்டிய மனைவி சொல்வதைவிடக் கெட்டில் சொல்வது உங்களுக்குப் பெரிதாகப் போயிற்று. அந்த நாலு தடவையும் அமுக்கியது நான். அவர் உடம்பைத் துடைக்கவும், விறைத்த காலுக்கு ஒத்தடம் கொடுக்கவும். அதையும் அப்போதே சொன்னேன். மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

போன வாரம் அத்தையே ஒரு யோசனை சொன்னார். "ஏம்மா இகுயோ, நாளையிலருந்து அதைத் தொடாதே. அடுப்புல தண்ணி வை. நான் செத்துட்டேன்னு அது அவன்கிட்ட சொல்லட்டும். அப்பவாவது ஓடி வர்றானா பாப்போம்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் தலை வாரிவிடச் சொன்னார். நல்ல சட்டையை மாட்டிவிடச் சொன்னார். ஒவ்வொரு ரயில் வரும் நேரத்துக்கும் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வருவீர்கள் என்று நானும் நம்பிவிட்டேன், அதுதான் எனக்கு ஆறவில்லை.

வந்தது நீங்கள் அல்ல, கூரியர்காரர். அவர் தந்த பெட்டிக்குள் புதுக் கெட்டில். பழையது பழுதாகியிருக்கலாம் என்று அச்சடித்த அட்டை. கூடவே ஒரு டப்பா உயர்ந்த தேயிலை. அலுவலகத்தில் யாரோ கட்டி அனுப்பியிருப்பார்கள், சரி. என்ன அனுப்புகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? சாவுக்கு வந்தவர்களுக்கு நம் ஊரில் என்ன கொடுத்தனுப்புவோம்? மாமா போனபோது வாசலில் நின்று எல்லோர் கையிலும் தேயிலை டப்பா கொடுத்தவர் நீங்கள்தானே? நான் ஒளித்து வைப்பதற்குள் அத்தை பார்த்துவிட்டார். "நான் போனப்புறம் ஊருக்குக் குடுக்க வேண்டியதை எனக்கே முன்கூட்டி குடுத்துட்டான் பாத்தியா! கெட்டிக்காரப் பிள்ளை" என்று சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் உங்களைக் கேட்பதில்லை. அதற்கு முன்னால், கோஹெய் போன் பண்ணினானா, என்ன சொன்னான், இருமினானா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுப்பார். இப்போது உங்கள் பேரை நான் எடுத்தாலும் கண்ணை மூடிக்கொள்கிறார். சோறு இறங்காமல் போனபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். அதை மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் நம் சண்டைக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. அவருக்கு இல்லை. பழைய கெட்டிலின் வயரைப் பிடுங்கிவிட்டேன், புதியதைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. இனி இந்த வீட்டுச் செய்தி வேண்டுமென்றால் நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேர ரயில் பயணம். வழியெல்லாம் பனி வழுக்குகிறது, பார்த்து வாருங்கள். ஸ்டேஷன் கடையில் எதையும் வாங்க நிற்காதீர்கள். படுத்திருப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதுதான். பரவாயில்லை, இந்த ஒரு முறை வெறுங்கையோடு வாருங்கள். அவர் பிடித்துக்கொள்ள ஒரு கை காலியாக இருக்கட்டும்.

வழித்துணையாகத் தெய்வம் வரட்டும்,
இகுயோ