மரிக்கொழுந்து மேகம்

செவ்வாய், தோட்டக் கூடம். காலை 6.10
இதைக் கண்டெடுப்பவரே, யாரும் நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். நான் சுந்தரபாண்டி. இக்கிரகத்தின் ஒரே சக்கரவர்த்தி, ஒரே குடிமகன். என் முருங்கை நேற்று கூரையில் இடித்து மன்னிப்புக் கேட்டது. மற்றபடி நலம். அக்காள் மகள் அங்கயற்கண்ணி கப்பல் நிறைய ஆட்களோடு வருகிறாள். இந்தச் செடிகள்தாம் அவர்களுக்கு மூச்சு.

பகல் 1.40
சூடேற்றிக்குப் பைத்தியம் பிடித்துக் குளத்தையே குடித்துவிட்டது. அதை அணைத்துக் கூடம் குளிர்ந்த பிறகும் தண்ணீரெல்லாம் ஆவியாகக் காற்றில் நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. துளியாகத் திரள அதற்கொரு துகள் வேண்டும். நம் வடிகட்டிகளோ தூசின் வம்சத்தையே அழித்துவிட்டன. மண்ணை வாரி வீசினேன். என் தலையில்தான் விழுந்தது. வேர்கள் காய்கின்றன.

கப்பலிலிருந்து: "மாமா, வெளையாடாதீக. செடி செத்தா நாங்க எறங்க முடியாது. திரும்பிப் போகவும் காத்து பத்தாது."

மாலை 4.05
வாசனை எண்ணெயின் ஆவி ஓசோனில் பட்டால் கனத்து, ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத துகளாகும். காடுகளின் மேல் நீலமாய் மங்கி நிற்பது அதுதான். இங்கே காடில்லை. தனக்கோடியின் மரிக்கொழுந்து எண்ணெய் ஒரு குப்பி இருக்கிறது. வாசனைப் பொருள் கூடாதென்ற விதியை மீறி மதுரையிலிருந்து கடத்தி வந்தாள் என் மனைவி. போன வருடம் அவளைக் கூடத்துக்கு வெளியே புதைத்தேன்.

அவள் பழைய குரல் பதிவு: "இத மோந்தா மிஷினு தும்மும்ங்கிறீக. அப்புறம் என்னத்துக்கு என் தலகாணியத் திருடிப் படுக்கிறீக?"

துகளானால் மணம் செத்துவிடும். தெரிந்தேதான் செய்கிறேன்.

4.50
குப்பியைக் கவிழ்த்தேன். கிருமி கொல்ல வைத்திருக்கும் ஓசோன் விளக்கைப் போட்டேன். கூடம் முழுக்கத் தனக்கோடி. பிறகு குறைந்தாள். மூக்கை நீட்டிக்கொண்டு மூலை மூலையாய்த் துரத்தினேன். பிறகு இல்லை. அப்போது முருங்கை உச்சியில் ஒரு வெண்மை. மேகம்! இந்திரன் வேலையை ராஜினாமா செய்துவிட்டான். தூறுகிறது.

கப்பலிலிருந்து: "மாமா! கேமராவுல மழ தெரியுது! வெளக்க அமத்துங்க, ஓசோன் நெஞ்ச அரிச்சுரும்! மாமா?"

5.30
இன்னும் கொஞ்சம். வேர்வரை நனையட்டும். என் இருமலில் மலைகள் இடம் மாறுகின்றன. அங்கயற்கண்ணி, சக்கரவர்த்தி என்றது பொய். முருங்கை பேசியதும் பொய். மழையில் யானை மிதந்தது என்று எழுத இருந்தேன், மூச்சு பத்தவில்லை.

அவள் தலையணையை இப்போது முகர்ந்து பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை.

இந்த ஒன்று மட்டும் உண்மை